நாற்பது பேர் வேண்டாம், நாலு பேர் போதும் என்கிறார்கள்

#1 கடைசிபெஞ்சு

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும் வருகிறவன், இன்று கேட்க வந்திருக்கிறேன்.

எங்கள் திருச்சபையில் 150 குடும்பம் இருக்கும். இரண்டு தெரு தள்ளி ஓர் இளைஞர் அமைப்பு நடக்கிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள், விளையாட வைக்கிறார்கள், பெரிய பிள்ளைகளுக்கு வேலைக்கு விண்ணப்பம் எழுதவும் நேர்காணலுக்குப் போகவும் பழக்குகிறார்கள். மத அமைப்பு அல்ல. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

அவர்களோடு சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று கமிட்டியில் முடிவானது. பொறுப்பு என் தலையில். ஆராதனை முடிந்ததும் ஒரே ஓர் அறிவிப்புதான் கொடுத்தோம், வாசலில் வைத்த தாளில் நாற்பது பேர் பெயர் எழுதிவிட்டார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை. அந்தத் தாளைக் கொண்டுபோய் அமைப்பின் பொறுப்பாளரிடம் நீட்டினேன். அந்த அம்மா பட்டியல் முழுவதையும் நிதானமாகப் படித்தார். மடித்தார். என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நாற்பது பேர் வேண்டாம் தம்பி. நாலு பேர் கொடுங்க. வாரம் ஒரு நாள், ஒரு வருஷம், நிக்காம வரணும். முடியுமா?"

கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். கமிட்டியில் சொன்னதும் ஒருவர், "நம்மளை வேண்டாம்னு சொல்றாங்களா?" என்றார். உள்ளதைச் சொன்னால் எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. மீதி முப்பத்தாறு பேரிடம் நான் என்ன சொல்வது? இப்படிச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

#2 ஆல்ட்டோ

அந்த அம்மா இதற்கு முன்னாலும் ஒரு சபையைப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான்.

#3 மாலை ஐந்து மணி

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள். இதே மாதிரி ஓர் அமைப்பில் தன்னார்வலர்களை ஒருங்கிணைப்பதுதான் பல வருஷமாக என் வேலை. அந்த அம்மா உங்களிடம் சொன்னதை நான் இத்தனை நாளும் யாரிடமும் சொல்லத் துணிந்ததில்லை. அவருக்கு ஒரு கும்பிடு.

எங்கள் இடத்தில் ஒரு சுவர் உண்டு. மூன்று வருஷத்தில் நாலு தடவை அதற்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. ஏதாவது ஒரு குழு "ஒரு நாள் சேவை செய்ய வருகிறோம், முப்பது பேர்" என்று கூப்பிடும். மறுக்க முடியாது, அதில் ஒருவராவது நமக்கு நன்கொடை தருகிறவராக இருப்பார். முப்பது பேருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க என்னிடம் இருக்கும் வேலை அந்தச் சுவர் மட்டும்தான். முந்தின நாள் நானும் இன்னொருவரும் பழைய பெயின்டைச் சுரண்டி, பிரஷ் வாங்கி, ஓரத்தில் டேப் ஒட்டி வைப்போம். மறுநாள் தரையில் சிந்தியதைத் தேய்த்துக் கழுவுவோம். ஆக, அவர்களுக்கு ஒரு நாள், எங்களுக்கு மூன்று நாள், அந்த மூன்று நாளும் பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை. இப்போது நீலம். நகத்தால் கீறினால் பச்சை, அதற்கும் கீழே மஞ்சள். அடுத்து என்ன கலர் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுகிறார்கள்.

சரி, சுவர் போகட்டும். பாதியில் நிற்பதுதான் வயிற்றெரிச்சல். ஒரு பையன், பதின்மூன்று வயது, கணக்கென்றால் பயம். ஒரு தன்னார்வலர் அவனோடு ஏழு வாரம் உட்கார்ந்தார். நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார். எட்டாவது வாரம் வரவில்லை, போனும் இல்லை. வேலை மாறியிருக்கும், வீட்டில் ஏதாவது இருந்திருக்கும், அவரைத் திட்ட மாட்டேன். பையன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கதவுக்கு நேராக உட்கார்ந்திருந்தான். "இன்னைக்கு நான் சொல்லித் தரட்டுமா?" என்று பக்கத்தில் போனேன். "வேணாம் மிஸ், எனக்குக் கணக்கு வராது" என்றான். முதல் நாள் வந்தபோதுகூட அவன் அப்படிச் சொன்னதில்லை.

இது என் மனப்பிரமை இல்லை. அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பில் ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை என்று இணைத்து விடுவார்கள். அந்த இணைப்புகள் எத்தனை நாள் நீடித்தன, பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். ஒரு வருஷமோ அதற்கு மேலோ நீடித்தவற்றில்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோனவற்றில் பிள்ளைகள் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பு முன்பு இருந்ததைவிடக் கீழே போயிருந்தது.

உங்கள் பொறுப்பாளர் "ஒரு வருஷம்" என்று சொன்னது சும்மா வாயில் வந்த கணக்கில்லை.

#4 கடைசிபெஞ்சு

சுவர் கதையை அப்படியே கமிட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மூப்பர் ஒருவர் எழுதினார்: "நாம எழுதின திட்டத்துல முதல் வேலையே காம்பவுண்டு சுவருக்கு வெள்ளை அடிக்கிறதுதானே?"

ஆமாம். அதுதான்.

#5 திண்ணை

நான் சபைக்காரன் இல்லை, கடவுள் நம்பிக்கையும் கிடையாது. அதனால் மற்றவர்கள் கேட்கத் தயங்குவதை நான் கேட்டுவிடுகிறேன். எதற்காகப் போகிறீர்கள்? கணக்குச் சொல்லிக் கொடுக்கவா, ஆள் சேர்க்கவா? "எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இலவசமாகப் பாடம் படிக்க வந்த பிள்ளை, சொல்லிக் கொடுப்பவர் கண்ணை மூடி ஜெபிக்கலாமா என்று கேட்டால் எப்படி முடியாது என்று சொல்லும்?

#6 ஆல்ட்டோ

வந்துவிட்டாரய்யா. ஒரு சபை நல்லது செய்யப் போகிறது என்றால் உடனே இந்தக் கேள்வி. வங்கிக்காரர்கள் லோகோ போட்ட டி-ஷர்ட்டோடு போய் மரம் நட்டால் யாரும் இதைக் கேட்பதில்லை.

#7 திண்ணை

கேட்க வேண்டும், அவர்களையும்தான். ஆனால் வங்கிக்காரர் அந்தப் பிள்ளையின் ஆத்துமாவைப் பற்றிக் கவலைப்படுவதில்லை அக்கா.

#8 மட்டுறுத்துநர்

இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். கேள்வி நியாயமானது, இழையிலேயே பேசலாம். சீண்டல் மட்டும் வேண்டாம்.

#9 வெள்ளை அங்கி

நான் ஒரு போதகர். திண்ணையின் கேள்விக்கு ஆல்ட்டோ அக்கா கோபப்பட்டது எனக்குப் புரிகிறது, ஆனால் பதில் சொல்ல வேண்டியது எங்கள் தரப்புதான்.

நான் முன்பு இருந்த ஒரு சபையில் நடந்தது. இதே மாதிரி மாலை வகுப்பு, இதே மாதிரி மதம் சாராத அமைப்பு. எங்கள் ஆட்களில் ஒருவர், நல்ல மனுஷி, வகுப்பு முடிந்ததும் ஒரு பெண்பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்பினார். அந்தப் பிள்ளைக்கு மறுநாள் பரீட்சை. அவருக்கு அதில் வேறெந்த எண்ணமும் இல்லை, தன் பேத்திக்குச் செய்வதைத்தான் செய்தார். பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னது. அடுத்த வாரம் மூன்று பிள்ளைகள் வரவில்லை. ஒரு தகப்பனார் அமைப்பின் வாசலில் நின்று, "படிக்கத்தானே அனுப்பினேன்?" என்று கேட்டார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. என் மகனை இன்னொருவர் இன்னொரு முறைப்படி ஆசீர்வதித்து அனுப்பியிருந்தால் நானும் அதே வாசலில்தான் நின்றிருப்பேன்.

1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: சிந்தனை, மனசாட்சி, மதச் சுதந்திரம் பிள்ளைக்கும் உண்டு, அதில் வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு. சட்டத்தை விடுங்கள், விசுவாசக் கண்ணோடு பார்த்தாலும் நான் அதே இடத்துக்குத்தான் வருகிறேன். கைமாறு எதிர்பார்த்துக் கொடுப்பது ஈவு இல்லை, வியாபாரம்.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் வழக்கம் இது. அமைப்பின் கூரைக்குக் கீழே நாங்கள் அமைப்பின் ஆட்கள். ஜெபக் கூட்டத்துக்கு அழைப்பு, துண்டுப்பிரதி, பாட்டு, எதுவும் கிடையாது. பிள்ளையே "நீங்க ஏன் இதெல்லாம் செய்றீங்க?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லலாம், ஒரு வரியில். பொய் சொல்லச் சொல்ல மாட்டேன். இதை ஆரம்பத்திலேயே எழுதி, அமைப்பிடமும் கொடுத்து, பெற்றோருக்கும் தெரிய வைத்துவிடுகிறோம். இதற்கு உடன்படாதவர்கள் என் சபையில் உண்டு. அவர்களுக்கு வேறு ஊழியம் இருக்கிறது, இங்கே அனுப்புவதில்லை.

#10 திண்ணை

சரி ஐயா. இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. "ஒரு வரியில்" என்பது பத்து வரியாகிவிடுகிறதா இல்லையா என்று யார் பார்ப்பது என்று இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது, ஆனால் நான் சண்டைக்கு வரவில்லை.

#11 மாலை ஐந்து மணி

நாங்கள்தான் பார்ப்போம். அதற்குத்தான் வகுப்புகளை மூடிய அறையில் வைப்பதில்லை.

#12 கணக்குப்பிள்ளை

என் சபையில் நான் பொருளாளர், அதனால் பேச்சு சுவாரசியமாகப் போகும்போது குறுக்கே வந்து ரசீது கேட்கிற ஆள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிபெஞ்சு, நாலு பேரோ நாற்பது பேரோ, எழுத்தில் ஏதாவது போட்டீர்களா? புரிந்துணர்வு ஒப்பந்தம் என்றதும் பெரிய வக்கீல் வேலை என்று நினைக்காதீர்கள், எங்களுடையது இரண்டு பக்கம். யார் எதற்குப் பொறுப்பு, ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் யாருடைய காப்பீடு, தன்னார்வலர் மேல் புகார் வந்தால் யாரிடம் போகும், எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து பேசுவது, பிரிய வேண்டி வந்தால் எத்தனை நாள் முன்னால் சொல்வது. கடைசிக் கேள்வி முக்கியம். கல்யாணத்தன்று பிரிவைப் பற்றிப் பேசுவதா என்று எங்கள் கமிட்டியிலும் முகம் சுளித்தார்கள். பேசிவைத்தது நல்லதாகப் போயிற்று.

எங்களுக்குச் சண்டை வந்தது பணத்தில் இல்லை, ஒரு சாவியில். சபை மண்டபத்தை வாரம் இரண்டு மாலை அமைப்புக்குக் கொடுத்திருந்தோம். ஒப்பந்தத்தில் "மண்டபம்" என்று எழுதியிருந்தோமே தவிர, சாவி யாரிடம் என்று எழுதவில்லை. மண்டபச் சாவி சபை ஊழியரிடம், அவர் ஒரு நாள் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டார். இருபது பிள்ளைகள் வாசல் படியில் ஒரு மணி நேரம். அதே வாரம் பாடகர் குழுவின் இரண்டு மைக் ஸ்டாண்டு வளைந்து கிடந்தது. யார் வளைத்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சாவிக்காக அவர்களும் மைக் ஸ்டாண்டுக்காக நாங்களும் ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தோம். கடைசியில் இரண்டாவது சாவி வெட்டிக் கொடுத்து, மைக்கை ஒரு அலமாரியில் வைத்துப் பூட்டினோம். பத்து நிமிஷ வேலை.

பணத்தில் ஒரே ஒரு விஷயம். காணிக்கையிலிருந்து அமைப்புக்குக் கொடுக்கிறீர்கள் என்றால், பொருளாகக் கொடுக்காமல் பணமாகக் கொடுங்கள், எதற்கு என்று குறுக்காதீர்கள். எல்லாரும் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறார்கள், கரண்ட் பில் கட்ட யாரும் தருவதில்லை.

#13 ஆல்ட்டோ

அந்த மைக் ஸ்டாண்டு விஷயத்தில் பாடகர் குழுவின் வலி உங்களுக்குப் புரியாது அண்ணா. அது இருக்கட்டும்.

நான் திண்ணையிடம் கொஞ்சம் கடிந்து பேசிவிட்டேன். ஜெபம் பண்ணி அனுப்பிய அந்த அம்மா மாதிரிதான் நானும் செய்திருப்பேன், அதனால்தான் கோபம் வந்தது போலிருக்கிறது.

இப்போது எனக்கு ஒரு கேள்வி. எங்கள் சபையில் பிள்ளைகளோடு வேலை செய்யும் எல்லாருக்கும் பின்னணிச் சரிபார்ப்பு, அதாவது பழைய குற்றம் ஏதாவது உண்டா என்று பார்ப்பது, வேண்டும் என்று கேட்டார்கள். நாற்பது வருஷம் ஞாயிறு பள்ளி நடத்திய ஒரு பெரியவர், "என்னையா சந்தேகப்படறீங்க?" என்று எழுந்து போய்விட்டார். நாங்கள் எல்லாரும் அவரிடம் படித்தவர்கள். என்ன செய்வது?

#14 வெள்ளை அங்கி

எங்கள் சபையில் முதல் படிவத்தை நானே நிரப்பினேன், எல்லார் கண்ணெதிரே. போதகரே நிரப்புகிறார் என்றதும் யாருக்கும் பேச்சில்லை. உங்கள் பெரியவரிடம் போதகர் நேரில் போகட்டும். "உங்களைச் சந்தேகப்படவில்லை, நாளைக்கு நமக்குத் தெரியாத ஒருவர் வருவார், அவரிடம் மட்டும் கேட்டால் அவர் என்னை மட்டும் ஏன் என்பார், அதனால் உங்களில் ஆரம்பிக்கிறோம்" என்று சொல்லட்டும்.

#15 மாலை ஐந்து மணி

இதோடு ஒன்று. சரிபார்ப்பு என்பது முன்பே மாட்டிக்கொண்டவர்களை மட்டும்தான் காட்டும். பிள்ளையைக் காப்பாற்றுவது அன்றாட ஏற்பாடு. ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, குறைந்தது இரண்டு பெரியவர்கள், அல்லது எல்லார் கண்ணிலும் படுகிற இடம். அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில் இது பல பத்தாண்டுகளாக இருக்கும் விதி. தனியாக வண்டியில் கொண்டுபோய் விடுவது, இரவில் தனி மெசேஜ், ரகசியப் பரிசு, மூன்றும் எங்களிடம் கிடையாது. பிள்ளை ஏதாவது சொன்னால் தன்னார்வலர் விசாரணை பண்ணக் கூடாது, "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்கும் கொடுக்கக் கூடாது. கேட்டுக்கொண்டு, அதே நாளில் அமைப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். சபைக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்ற யோசனைக்கு மட்டும் இடமே கொடுக்காதீர்கள். நல்ல மனிதருக்கும் இந்த விதிகள் பாதுகாப்புதான், வீண்பழி வராது.

#16 பழைய பேப்பர்

யாரும் கேட்கவில்லை, ஆனால் வரலாறு என்றால் என் கை சும்மா இருக்காது.

மாலை ஐந்து மணி சொன்ன பிக் பிரதர்ஸ் எப்படித் தொடங்கியது தெரியுமா? 1904. நியூயார்க் சிறார் நீதிமன்றத்தில் எர்னஸ்ட் கோல்ட்டர் என்று ஒரு எழுத்தர். தினமும் பையன்கள் கூண்டில் ஏறுவதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர். ஒரு தேவாலயத்தின் ஆண்கள் சங்கத்தில் பேசப் போனார். அவர் நிதி கேட்கவில்லை, கட்டடம் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு பையனுக்கு நண்பனாக இருங்கள் என்றார். சுமார் 40 பேர் கை தூக்கினார்கள்.

நம் கடைசிபெஞ்சின் தாளிலும் அதே எண்ணிக்கை, பாருங்கள். ஆனால் அங்கே நாற்பது பேருக்கு நாற்பது பையன்கள். நாற்பது பேருக்கு ஒரு சுவர் இல்லை.

இன்னும் பின்னால் போனால் 1780, இங்கிலாந்தின் கிளாஸ்டர், ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர். ஆறு நாளும் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு, அன்றைக்கு எழுத்தறிவிக்கலாம் என்று ஆரம்பித்தது ஞாயிறு பள்ளி. இன்று நாம் நினைக்கிற மாதிரி வசனம் ஒப்பிப்பது மட்டும் அல்ல, படிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் அதன் பாதி வேலை. அப்புறம் 1844, லண்டனில் துணிக்கடையில் வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ் தன் கூட வேலை செய்தவர்களோடு சேர்ந்து தொடங்கியது ஒய்.எம்.சி.ஏ. என்ற வாலிபர் கிறிஸ்தவச் சங்கம். ஜெபமும் வேத ஆராய்ச்சியுமாக ஆரம்பித்த அந்தச் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில்தான் 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். பனிக்காலத்தில் உள்ளே அடைந்து கிடந்த இளைஞர்கள் சேட்டை தாங்காமல், பீச் பழக் கூடையைப் பால்கனிக் கைப்பிடியில் மாட்டி. கைப்பந்தும் 1895இல் ஒய்.எம்.சி.ஏ.வில் பிறந்ததுதான்.

வாலிபர்களை வைத்து என்ன செய்வது என்று திருச்சபை எப்போதும் திணறியிருக்கிறது. திணறலில் சில நல்ல விளையாட்டுகள் கிடைத்தன.

#17 திண்ணை

பழைய பேப்பர் ஐயா, இது அருமை. ஆனால் ஆய்வுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எல்லாரும் சொக்கிப்போகும் முன். அதே பிக் பிரதர்ஸ் அமைப்பைப் பற்றி 1995இல் வந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். 10 முதல் 16 வயது வரை 959 பிள்ளைகள், பாதிப் பேருக்கு உடனே வழிகாட்டி, மீதிப் பேர் காத்திருப்புப் பட்டியலில். 18 மாதம் கழித்துப் பார்த்தால், வழிகாட்டி கிடைத்த பிள்ளைகள் போதைப் பொருளைத் தொடும் வாய்ப்பு 46 சதவீதம் குறைவு, பள்ளிக்கு மட்டம் போடுவதும் பாதிக்கு மேல் குறைவு. பெரிய எண்கள்தான். ஆனால் 2002இல் டேவிட் டுபோய்ஸ் குழு இந்த மாதிரி வழிகாட்டித் திட்டங்களின் 55 மதிப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரிப் பலன் சின்னதாகத்தான் வந்தது. வழிகாட்டிக்குத் தொடர்ந்து பயிற்சி, பிள்ளைகளோடு செய்ய ஒழுங்கான வேலைத்திட்டம், பெற்றோர் பங்கு, இவை இருந்த இடங்களில் கூடுதல். அதாவது நல்ல மனசு மட்டும் இருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

#18 மாலை ஐந்து மணி

ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பயிற்சிக்கு ஆள் வைக்கத்தான் எங்களிடம் பணம் இருப்பதில்லை. கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் கரண்ட் பில் வரியைப் பிரின்ட் எடுத்து ஒட்டி வைத்திருக்கிறேன்.

#19 இரும்பு கேட்

இத்தனை நாள் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். நான் அந்தப் பிள்ளைகளில் ஒருவன். இப்போது 31 வயது.

எங்கள் இடத்துக்கும் சபைக்காரர்கள் வந்தார்கள். இரண்டு விஷயம்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஒன்று, ஒரு நாள் நிறையப் பேர் வந்து புத்தகப் பை கொடுத்தார்கள். வரிசையில் நிற்க வைத்து, பையை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி போட்டோ எடுத்தார்கள். அது அவர்களுடைய மாத இதழில் வந்தது. கீழே "வறுமையில் வாடும் மாணவர்களுக்கு" என்று போட்டிருந்தார்கள். என் வகுப்பில் ஒரு பெண் அந்தச் சபை. இதழைப் பள்ளிக்குக் கொண்டுவந்தாள், கெட்ட எண்ணத்தில் இல்லை, "நீ போட்டோவுல வந்திருக்கே" என்று சந்தோஷமாகக் காட்டினாள். எல்லாரும் பார்த்தார்கள். அந்தப் பையை நான் அப்புறம் தூக்கவே இல்லை. அம்மா ஏன் என்று கேட்டார், ஜிப் போய்விட்டது என்றேன்.

இன்னொன்று ஒரு தாத்தா. அவருக்கு எங்கள் பாடம் ஒன்றும் தெரியாது. பத்தாம் வகுப்பு இயற்பியலைக் காட்டினால், "இது என்னன்னு நீ எனக்குச் சொல்லு" என்பார். நான் விளக்குவேன், அவருக்குப் புரியாது, திரும்ப விளக்குவேன். அவருக்குப் புரிய வைக்க வேண்டும் என்றே நான் படித்தேன். வியாழக்கிழமைதோறும் சரியாக அதே நேரத்துக்கு வெளிக் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும், எண்ணெய் போடாத கேட். மூன்று வருஷம். மழையில் மட்டும் கொஞ்சம் தாமதமாகும். போன வாரம் நான் சொன்ன எதையும் மறக்க மாட்டார். "உன் தங்கச்சி பல்லுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார். என் வீட்டிலேயே அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அவர் எந்தச் சபை என்றே எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

#20 ஆல்ட்டோ

தம்பி, இதைப் படித்துவிட்டு எங்கள் சபை இதழின் பழைய பிரதிகளை எடுத்துப் பார்த்தேன். எங்களிடமும் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது. இதழாசிரியரிடம் பேசப் போகிறேன்.

#21 கணக்குப்பிள்ளை

இரண்டு பக்க ஒப்பந்தத்தில் இப்போது ஒரு வரி கூடுகிறது: பிள்ளைகளின் முகம் தெரியும் படம் வேண்டாம்.

#22 கடைசிபெஞ்சு

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேலை நடந்துகொண்டிருந்தது.

இரும்பு கேட் எழுதியதைக் கமிட்டியில் சத்தமாகப் படித்தேன். போதகர் ஐயா அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் நேராகவே சொன்னார்: ஒரு வருஷம் வர முடியாதவர்கள் தயவுசெய்து கை தூக்க வேண்டாம், அது பாவம் இல்லை, வேறு வேலை இருக்கிறது. நாற்பதில் ஒன்பது பேர் நின்றார்கள். அந்த அம்மா ஒன்பது பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசி, ஐந்து பேரை எடுத்தார். நாலு பேர், ஒருவர் மாற்றாள். நான் தேறவில்லை. ஞாயிறு தவிர மற்ற நாளில் என் வேலை நேரம் தினம் ஒரு மாதிரி மாறும் என்று உள்ளதைச் சொன்னேன். "அப்போ நீங்க வேண்டாம் தம்பி" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

மீதிப் பேருக்கு நாங்கள் வேலை கண்டுபிடிக்கவில்லை. அவரிடமே, "உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராமல் பண்ணுவது எது?" என்று கேட்டோம். ஒரு பட்டியல் தந்தார். வருஷக் கணக்கைத் தணிக்கைக்குத் தயார் பண்ண ஆள் இல்லை. ஒயரிங் பழசு. பெரிய பிள்ளைகளுக்குப் போலி நேர்காணல் நடத்த வேலையில் இருக்கும் ஆட்கள் வேண்டும், வருஷத்துக்கு இரண்டு தடவை போதும். பிள்ளைகளைப் பார்க்காமலே செய்யக்கூடிய வேலைகள்தான் முக்கால்வாசி. எங்கள் சபையில் ஓர் எலெக்ட்ரீஷியன் இருக்கிறார், இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் நாற்காலி தூக்குவதைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லையாம்.

#23 வெள்ளை அங்கி

அந்தக் கேள்வியை நான் திருடிக்கொள்கிறேன்.

#24 திண்ணை

போலி நேர்காணலுக்கு ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடலாம். ஆன்லைனில் செய்ய முடியும் என்றால் வருகிறேன். ஜெபத்துக்குக் கண்ணை மூட மாட்டேன், முன்பே சொல்லிவிடுகிறேன்.

#25 கடைசிபெஞ்சு

ஏழு மாதம் கழித்து ஒரு தகவல், யாராவது இன்னும் பார்க்கிறீர்கள் என்றால்.

நாலு பேரில் ஒருவர் மூன்றாம் மாதம் விலக வேண்டி வந்தது, அவர் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தபடி நாலு வாரம் முன்னால் சொன்னார். கடைசி வாரம் மாற்றாளையும் கூட்டிக்கொண்டு போய், பிள்ளையோடு மூவருமாக உட்கார்ந்து, எதுவரை படித்திருக்கிறார்கள் என்று நோட்டில் குறித்துக் கொடுத்துவிட்டு, ஏன் போகிறேன் என்று அந்தப் பெண்ணிடமே சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பெண் இரண்டு வாரம் மாற்றாளோடு பேசவில்லையாம். மூன்றாவது வாரம், "அந்த ஆன்ட்டியோட அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாளாம்.

எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொல்ல மாட்டேன். ஒருவர் அடிக்கடி தாமதமாக வருகிறார், அதற்கு ஒரு பேச்சு நடந்தது. சபையில் சிலர், "ஏழு மாசமா என்ன நடந்திருக்கு, காட்டறதுக்கு ஒரு போட்டோகூட இல்லையே?" என்கிறார்கள். பதில் சொல்ல எனக்கும் ஒரு எண் இல்லை. போன வாரம் அந்த அம்மா கூப்பிட்டார். "அந்தப் பழைய தாளை வச்சிருக்கீங்களா? இன்னும் ரெண்டு பேர் வேணும். ஒருத்தருக்கு வேதியியல் தெரிஞ்சா நல்லது." தாள் என் வேதாகமத்துக்குள்தான் இருந்தது, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருக்கிறது.

#26 ஆல்ட்டோ

சந்தோஷம் தம்பி. அந்தக் காம்பவுண்டு சுவர் என்ன ஆயிற்று?

#27 கடைசிபெஞ்சு

கேட்டேன் அக்கா. "சுவர் கிடக்கட்டும், முதல்ல பொம்பளைப் பிள்ளைங்க கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுங்க" என்றார். சனிக்கிழமை, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் போகிறோம். நானும் எலெக்ட்ரீஷியன் அண்ணனும், இரண்டு பேர்.